வாங்கிய முடிக்கு ராஜ உபசாரம்... சொந்த முடிக்கு?



தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம், நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையேறுகிறார்கள். இன்னொரு பக்கம், சலூனில் முடி தைத்துக்கொண்டு, இடுப்பு வரை ஜடை தொங்க, பால்குடம் எடுத்து வருகிறார்கள். முருகனுக்குக் கொடுப்பதும் முடி, முருகனைப் பார்க்கப் போகும்போது வாங்குவதும் முடி!

வாங்குவதில் தவறில்லை. ஆனால், என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா? சந்தையில் உசத்தி என்று சொல்லப்படும் முடியில் பெரும்பங்கு இந்தியக் கோயில்களில் இறக்கிய முடிதான். திருமலையில் பக்தர்கள் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏற்றுமதியாளர்கள் அதைக் கழுவி, சிக்கெடுத்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். 2004-ல் இதனால் பெரிய கலவரமே நடந்தது. யூத மதத்தில் ஒரு பிரிவினரிடம், மணமான பெண்கள் விக் வைத்துத் தங்கள் தலைமுடியை மறைக்கும் வழக்கம் உண்டு. கோயிலில் காணிக்கையாக வந்த முடியில் செய்த விக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு எலியாஷிவ் அந்த ஆண்டு தீர்ப்புச் சொன்னார். ஜெருசலேமிலும், நியூயார்க்கின் புரூக்ளினிலும் பெண்கள் விலை உயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். யாரோ ஒரு தாய் வேண்டுதலுக்குக் கொடுத்த முடி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்!

இந்த முடிக்கு ஏன் மவுசு? ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. அவை வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். கூந்தலை முடிச்சுப் போட்டு மொத்தமாக இறக்கினால் எல்லாச் செதிலும் ஒரே திசையில் நிற்கும், சிக்கு விழாது. இதைத்தான் 'ரெமி' என்கிறார்கள். வீடு வீடாக வாங்கும் சீப்பு முடி அப்படியல்ல. தலை எது, வால் எது என்று தெரியாது. அதனால் அமிலத்தில் போட்டுச் செதிலையே உரித்துவிட்டு, சிலிகான் பூச்சு கொடுத்து மினுமினுப்பாக்கி விற்பதும் உண்டு. கடையில் பட்டுப் போல இருக்கும். நாலைந்து குளியலில் பூச்சுப் போனதும் தேங்காய் நார்தான்!

நம் பாட்டிமார் வைத்த சவுரிக்கும் இன்று தைக்கிற முடிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? சவுரியை ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். தலை மூச்சு விடும். தைக்கிற முடியில் அது நடக்காது. சொந்த முடியை மண்டையோடு ஒட்டி மெல்லிய வரிசைகளாகப் பின்னி, அதன்மேல் முடிப்பட்டையை ஊசி நூலால் தைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே இருக்கும். வாங்கிய முடி செத்த முடி. அடியில் இருப்பது உயிருள்ள வேரிலிருந்து வளரும் முடி. காசு கொடுத்தது மேலே இருப்பதற்கு என்பதால், கவனிப்பு முழுவதும் அதற்கே போகிறது. நியாயமா, நடுவர் அவர்களே?

குளிப்பதிலிருந்து வருவோம். வாரம் ஒருமுறை போதும். ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து, மூக்கு வைத்த பாட்டிலில் ஊற்றி, பின்னல் வரிசைகளுக்கு இடையில் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். முடியைத் தலைமேல் குவித்துக் கசக்க வேண்டாம். நின்றபடி மேலிருந்து கீழே தண்ணீர் ஓடட்டும். வாங்கிய முடிக்கு வேர் இல்லை, தலையில் சுரக்கும் எண்ணெய் அதற்குப் போகாது. அதனால் நீளத்துக்கு கண்டிஷனர் கட்டாயம். உச்சந்தலையில் நல்லெண்ணெய் ஊற்றித் தேய்க்கும் பழக்கத்தை மட்டும் இந்த எட்டு வாரம் தள்ளி வையுங்கள். தையலுக்கு அடியில் எண்ணெயும் அழுக்கும் பிசுக்காகத் தங்கிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம், காயவைப்பது. பினாங்கின் புழுக்கத்தில் துவைத்த துணியே சீக்கிரம் காய்வதில்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் பின்னல் எப்படிக் காயும்? மேல்முடி காய்ந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கி, வாடை வந்து, அரிப்பும் பூஞ்சையும் வந்த பிறகுதான் சலூனுக்கு ஓடுகிறார்கள். குளிர்ந்த காற்றுக்கு வைத்த டிரையரை ஒவ்வொரு வரிசையாகக் காட்டி, விரலால் தொட்டுப் பார்த்து அடிவரை காயவையுங்கள். ராத்திரி குளித்துவிட்டு ஈரத்தலையோடு படுக்கவே கூடாது.

பத்து ஃபெரிங்கி கடலில் இறங்கினால் உப்பு, நீச்சல் குளத்தில் குளோரின்... இரண்டையும் அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். பால்குடம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிந்திய பால் தையலுக்குள் இறங்கினால் மறுநாள் புளித்த வாடை வரும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தலைக்குளியல்தான். சிக்கெடுக்க அகலப் பல் சீப்பு. நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். படுக்கும்போது இரண்டு தளர்ந்த பின்னல் போட்டு, பழைய பட்டுப் புடவைத் துண்டால் தலையைச் சுற்றிக்கொள்ளுங்கள். பருத்தித் தலையணை உறை முடியை உரசிச் சிக்காக்கும்.

இதெல்லாம் மேல்முடிக்கு. அடிமுடியைக் காப்பது எப்படி? தைத்த அன்று ராத்திரி நெற்றி இழுக்கிறதா, பின்னல் ஓரத்தில் சிறு கொப்புளங்களா? 'நாலு நாளில் பழகிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தளர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிரிக்கச் சொல்லுங்கள். இழுபட்டுக்கொண்டே இருந்தால் முதலில் நெற்றிப் பொட்டு ஓரத்து முடி மெலியும். அப்போதே நிறுத்தினால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு எந்த மருந்தும் முழுதாகத் திருப்பித் தராது.

பிள்ளை பெற்ற மூன்றாவது, நாலாவது மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயந்துபோய் அந்த நேரம் பார்த்துத் தைக்கப் போகிறார்கள் சில தங்கைகள். அது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானே சரியாகும். பலவீனமான முடியில் பாரத்தைத் தொங்கவிட்டால் வளர வேண்டியதும் போய்விடும். புற்றுநோய் சிகிச்சை முடிந்து புதுமுடி முளைப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். முடி நன்றாக வளர்ந்து உறுதிப்படும் வரை, ராத்திரி கழற்றி வைக்கிற மென்மையான விக் போதும்.

எட்டு வாரம் தாண்டவிடாதீர்கள். அதற்குள் சொந்த முடி ஏறக்குறைய ஓர் அங்குலம் வளர்ந்து, தையல் கீழே இறங்கி இழுக்கத் தொடங்கும். பிரிக்கும்போது கத்தரி நூலை மட்டும் வெட்டட்டும், அவசரம் வேண்டாம். பின்னலை அவிழ்த்ததும் கையில் ஒரு பந்து முடி வரும். அதைப் பார்த்து அழாதீர்கள்! எல்லோருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிரும். இரண்டு மாதம் வெளியே விழ வழியில்லாமல் பின்னலுக்குள் சிக்கியிருந்த முடிதான் அது. கவலைப்பட வேண்டியது நெற்றி ஓரத்துக்கு. கண்ணாடி முன் நின்று, தைப்பதற்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரம் பின்வாங்கியிருந்தால் அடுத்த தையலுக்குத் தேதி வாங்காமல் தோல் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள்.