கேட்கும் முறை

கைக்குழந்தையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து பால் கொடுங்கள்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தைக்கு முதல் நாளில் எவ்வளவு பால் போகும் தெரியுமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குழாய் வழியாக, ஒன்றிரண்டு மில்லி. நம் வீட்டுப் பாலாடையின் அடிகூட நிறையாது. அந்தச் சொட்டு தாய்ப்பாலாக இருந்தால், குடல் அழுகிப்போகும் நோய் அந்தப் பிள்ளையை அண்டுவது குறைகிறது. பெற்றவள் ஐசியூவில் கிடந்தால் அந்தப் பாலுக்கு எங்கே போவது? அதற்காகத்தான் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி திறந்தார். ஆசியாவிலேயே முதல் வங்கி அது. பின்னால் நம் அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. கொடுக்கும் தாய்க்கு எச்ஐவி, ஹெபடைடிஸ், சிபிலிஸ் பரிசோதனை உண்டு. பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உறைய வைப்பார்கள். இதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்தப் பாலை ஒரு தாயிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரு பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் விடிகாலையில் இறந்துபோனது. பிள்ளை போன சேதி மார்புக்குத் தெரியாதே! மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு, நைட்டியின் முன்புறம் நனைந்துவிட்டது. மார்பில் வைத்துக் கட்ட மல்லிகைப்பூ வாங்கிவர அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் நான் போய் நின்றேன். வங்கியில் கையிருப்பு குறைவு. "வீணாப் போறதுக்கு நாலு புள்ளைங்களுக்கு ஆகுமேம்மா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எண்பது மில்லி வந்தது. பாட்டிலில் தேதி எழுதி ஒட்டினேன்.

அவள் சம்மதித்தாளா? படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் தன்னைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரே வந்து கேட்கும்போது, முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 'வீணாப் போறது' என்று சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுத்ததில் ஆறுதல் கண்ட தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று இருக்கிறது, விருப்பமிருந்தால் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பாலை நிறுத்த வழி சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்திருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிவிட்டால் நியாயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கம்போடியாவில் அது நடந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நாம்பென் நகரத்து ஏழைத் தாய்மாரிடம் பால் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2017இல் அந்நாட்டு அரசு தடை போட்டது. வருமானம் போயிற்றே என்று அந்தப் பெண்கள் தவித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது பாலுக்கு விலை வைத்தால், மடியில் கிடக்கும் பிள்ளையின் பங்கில்தானே கை வைக்கச் சொல்கிறோம்?

நம் நாட்டில் தாய்ப்பாலை விற்க அனுமதி கிடையாது என்று 2024 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் விற்காதே என்று சொன்ன நாம், கொடுக்க வருகிறவளுக்கு என்ன செய்கிறோம்? பஸ் காசு, ஒருவேளைச் சாப்பாடு, கதவு சாத்திய ஓர் அறை, பாலை வாங்குமுன் அவள் பிள்ளையின் எடையைப் பார்க்க ஓர் ஆள். இவ்வளவாவது வேண்டாமா?

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பெண், வீட்டுக்குப் போகும் நாளில் என்னைத் தேடி வந்தாள். "யாருக்குக் கொடுத்தீங்க சிஸ்டர்?" என்று கேட்டாள். பல தாய்மாரின் பாலைச் சேர்த்துத்தான் சூடாக்குவோம். எந்தப் பிள்ளைக்குப் போனது என்று சொல்லவும் கூடாது. "மூணு நாலு புள்ளைங்களுக்குப் போகும்மா" என்றேன்.

"அதுல பொம்பளப் புள்ள இருக்கா?" என்றாள்.