பழம்புடவை



கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் வாழும் நாம், பழம்புடவைகளைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் கிண்ணம் வாங்குகிறோம். அலமாரியில் முன்னமே பத்துக் கிண்ணங்கள் உண்டு!

வங்கத்தின் பழைய வழக்கம் வேறு. நைந்த நூற்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, நெருங்கிய சிறு தையலிட்டுப் போர்வையாக்குவர். அதற்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை'க்கு உறவுச் சொல்லே. பலமுறை துவைத்த பருத்தி மெத்தென்றிருக்கும். நம் அன்னையர் தூளி கட்டப் பழம்புடவையைத் தேர்ந்ததும் அதனாலன்றோ?

மாற்றல் உத்தரவு வந்து சாமான் கட்டும்போது முதலில் வெளியேறுவது பழந்துணி மூட்டையே. ஊரில் மறைந்த பாட்டியின் புடவையும் அதனுள் இருக்கக்கூடும். அவரைக் காணாத பேரக்குழந்தை அதைப் போர்த்துறங்க வேண்டாவா?

அண்டைவீட்டு வங்க அன்னையரை அழைத்து அத்தையலைக் கற்போம். நைலான் புடவை வேண்டா. அது வியர்வையை உறிஞ்சாது.