மைதானம் யாருக்கு?

(இராஜபாளையம் கூட்டத்தில் பேசியது)



நாம் விளையாட்டுக்கு விரோதிகளல்ல. உண்டியலில் கொட்டும் பணத்தில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லுகிறவர்கள்தாம். ஆனால் பொது நிலத்தை வளைத்து, மரத்தை வெட்டி, வேலி போட்டு, அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டால், சாமி நிலம் என்றதும் வாய்பொத்தி நிற்பதுபோல் நிற்க வேண்டுமா?

டில்லியில் 2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. மொத்தம் 12 நாள்! அதற்காக சிரி கோட்டைப் பகுதியில் மரங்களை வெட்டி, பாட்மிண்டனுக்கும் ஸ்குவாஷுக்கும் மண்டபம் எழுப்பினார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். மண்டபம் நிற்கிறது; வெட்டிய மரம் வரவில்லை. படித்தவர், பணமுள்ளவர் சொல்லே ஏறவில்லையென்றால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவன் சொல் எந்தக் காதில் ஏறும்?

சென்னை கிண்டியில் இன்னொரு வேடிக்கை. சர்க்கார் பூமி 160 ஏக்கர், பணக்காரர் குதிரை விட! பழைய குத்தகைப்படி வருஷ வாடகை 614 ரூபாய்ச் சில்லறை. இன்று ஒரு குடிசைக்கு ஒரு மாதத்துக்குக் காணாது. 2024-ல்தான் சர்க்கார் அதை மீட்டது. பிறகு அங்கே மழைநீருக்குக் குளங்கள் வெட்டப்பட்டன.

ஆகவே உங்களூர்ப் புறம்போக்கை மைதானத்துக்கென்று அளக்க வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சாவி யார் கையில்? கட்டணம் எவ்வளவு? சேரிப் பிள்ளை உள்ளே வந்து ஆடலாமா? ஆடு இனி எங்கே மேயும்? மழைத் தண்ணீர் எந்த வழியாய்க் கண்மாய்க்குப் போகும்? வாய்ப்பேச்சு வேண்டாம், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.