பேரேடும் நம் பெயரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கலைமகள் விழாவில் தொழிற்கருவிகளைப் படியில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் சாத்தி வணங்குவது நம் வழக்கம். கவ்வாத்துக் கத்தியும், முள்ளும், கொழுந்துக் கூடையும் இருந்த இடத்தில் இப்பொழுது மடிக்கணினியும் வந்து அமர்ந்திருக்கிறது. மிக நன்று. ஆனால் கத்தியைப் பூசித்தவர் மறுநாள் மலையேறி அதனைக் கையாளத் தெரிந்தவர். கணினியைப் பூசிக்கும் நம்முள் அதனைக் கொண்டு புதியதொன்றை ஆக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பிறர் ஆக்கிய செயலியை விரலால் தள்ளிப் பார்ப்பது எளிது. அத்தகைய செயலியை நாமே ஆக்குவது ஒரு வித்தை. 'பிரேம்வொர்க்' எனப்படும் மென்பொருட் சட்டகத்தின் துணையோடு மேசைக்கணினிச் செயலியும் இணையச் செயலியும் அமைக்கப் பழகும் அவ்வித்தையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

சட்டகம் என்றால் யாது? நம் கோயிற் சப்பறத்தை எண்ணிப் பாருங்கள். சில்லும் அச்சும் அடித்தட்டும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. அவற்றின்மேல் ஏறும் மூங்கிற் கட்டும், வண்ணத்தாளும், மாலையும், மின்விளக்குமே அவ்வாண்டு இளைஞரின் கைவண்ணம். மென்பொருளிலும் அப்படியே. உள்ளே வருபவர் இன்னார் என்று அறிதல், கடவுச்சொல்லைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றி வைத்தல், தகவலைச் சேமித்தல், கேட்டபோது பக்கமாக எடுத்துக் காட்டுதல் ஆகிய வேலைகள் எல்லாச் செயலிக்கும் பொது. அவற்றை வல்லுநர் பலமுறை சோதித்துச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த அடித்தட்டே சட்டகம்.

இவை பெரும்பாலும் அவசரத்திற் பிறந்தவை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகம். செய்தியாளர் கேட்ட இணையப் பக்கத்தைச் சில மணி நேரத்திற் கட்டித்தர வேண்டிய நெருக்கடி அங்கே இருந்தது. ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் தம் வசதிக்காக ஆக்கத் தொடங்கிய சட்டகமே 'ஜாங்கோ'. 2005 யூலையில் எவரும் இலவசமாக எடுத்தாளலாம் என்று வெளியிடப்பட்டது. ஜாங்கோ என்பது ஒரு கித்தார்க் கலைஞரின் பெயர். தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கியும், எஞ்சிய விரல்களால் உலகம் வியக்க வாசித்தவர் அவர். வசதிக் குறைவைச் சொல்லிப் படிப்பைத் தள்ளிப்போடும் தம்பிமாருக்காக இதனைச் சொல்லி வைக்கிறோம்.

இணையச் செயலி நடக்கும் விதத்தைத் தோட்டத்துக் கந்தோரை வைத்தே விளக்கலாம். சன்னலில் ஒருவர் மனு நீட்டுகிறார். முன்னிருப்பவர் அது எந்த மேசைக்குரியது என்று பார்த்து அனுப்புகிறார். அம்மேசைக்காரர் அலுமாரியிலுள்ள பேரேட்டைப் புரட்டி வேண்டியதை எடுக்கிறார். அச்சிட்ட படிவத்தில் அதனை நிரப்பி மறுமொழியாக நீட்டுகிறார். முகவரியைப் பிரித்தனுப்பும் பகுதி, வேலை செய்யும் நிரல், தரவுத்தளம், பக்க வார்ப்புரு என்று கணினியார் பெயரிடுவன இவையே. பேரேடு தொலைவிலுள்ள வழங்கியில் இருப்பது இணையச் செயலி. நம் மேசையிலேயே இருப்பது மேசைக்கணினிச் செயலி. மலைச்சரிவு லயங்களில் மழை வந்தால் 'சிக்னல்' போய்விடும் என்பது நாமறிந்ததே. ஆகவே இணைப்பின்றியும் இயங்கும் செயலியைப் பழையதென்று நகரத்தார் ஒதுக்கலாம், நமக்கு அது இயலாது.

சட்டகம் பயில்வதால் என்ன பயன் என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோர் யாவர், எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை என்று ஒழுங்காகக் காட்டும் ஏடு இல்லாது நாடு தவித்தது. அவ்வேளை இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக ஒன்றுகூடி ஆக்கியது 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். 2005 பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பின்னர் அதனைப் பைதன் மொழியில், 'வெப்டுபை' என்னும் சட்டகத்தின்மீது புதிதாகக் கட்டினர். 2003 மேயிலும் 2017 மேயிலும் வெள்ளமும் மண்சரிவும் கண்ட இரத்தினபுரி மாவட்டத்தார் நாம். பெயர்ப் பட்டியலின் அருமையை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் என்றதும் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒரு நாட் சம்பளத்தையே 'பேர்' என்று சொல்லும் மக்கள் நாம். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. செக்ரோலில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறெழுத்து, அடையாள அட்டையில் மூன்றாவதொன்று என்று பெயர் சிதறியதால், ஓய்வுகாலப் பணத்துக்கு அலைந்த முதியோர் நம் லயங்களில் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரஜாவுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நம்மவர் பத்திரங்களைச் சுமந்து நடந்த கதையும் ஒருவகையிற் பேரேட்டின் கதையே. அக்காலமெல்லாம் பேரேட்டின் பத்திகளை வகுத்தவர் பிறர். அவற்றுள் எழுதப்பட்டவர் நாம்.

இன்று பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. பத்தி வகுப்பவர் இன்னும் பிறரே. மேற்சொன்ன ஜாங்கோவை அப்படியே எடுத்தால், பயனரின் பெயருக்கு அது தானாகத் தரும் பத்திகள் இரண்டு: முற்பெயர், குடும்பப் பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைத்து எழுதும் நாம் எதனை எங்கே இடுவது? சட்டகத்தை ஆக்கியோர்மீது குற்றமில்லை, தம் நாட்டு வழக்கை எழுதினர். அதனை மாற்றியமைக்கவும் வழி வைத்தே இருக்கிறார்கள். மாற்ற வேண்டும் என்று அறிந்தவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும்.

எழுத்திலும் இவ்விடர் உண்டு. 'கொடகவெல' என்பதில் நமக்கு எழுத்து ஐந்து. கணினி 7 என்று எண்ணும். கொ, வெ என்பவற்றின் மெய்க்குறியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியே கொள்வதே காரணம். கொம்பையும் காலையும் வேறுவேறாகத் தட்டச்சிட்டாற் சிலவேளை 8 என்றும் எண்ணும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினாலோ ஒன்று அகப்படாது. இவற்றை ஒருபடித்தாக்கும் கருவி பைதனோடு கூடவே வருகிறது. அதனை ஒரு வரியிற் பயன்படுத்தலாம். அகரவரிசையிலும் அப்படித்தான்: குறியீட்டு எண்ணின்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரம் வந்து நிற்கும். நெடுங்கணக்கு அறிந்த பிள்ளை சிரிக்கும், கணினி அறியாது.

இனிக் கற்கும் முறை. சட்டகத்திலிருந்தே தொடங்குவது தவறு. ஒரு கட்டளை இட்டால் வாயிலும் நிருவாகப் பக்கமும் தாமே எழுந்து நிற்கும். கண்டவுடன் கற்றுவிட்டதாகத் தோன்றும். முதலிற் பைதன் போன்ற ஒரு மொழியைக் கைப்பழக்கமாக்குங்கள். அடுத்துத் தரவுத்தளம். எஸ்கியூலைட் என்பது முழுப் பேரேட்டையும் ஒரே கோப்பில் அடக்குவது, தனி வழங்கி வேண்டாதது. பைதனோடு வரும் டிகிண்டர் என்னும் கருவியால் ஒரு சிறு மேசைக்கணினிச் செயலி செய்து பாருங்கள். அதன் பின் ஜாங்கோ. பொத்தானை அழுத்தியது முதற் பக்கம் தோன்றும் வரை நடப்பதைத் தாளில் வரைந்து காட்ட முடிந்தாற் கற்றதாகக் கொள்ளலாம். இப்பொழுது செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் நிரல் எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் னகரம் எங்கே நிற்க வேண்டும் என்று அதனைக் கேட்கத் தெரிந்தவர் வேண்டுமே!

முறையாகப் படிக்க விழைவோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் உண்டு. வேலை செய்துகொண்டே தேர்வெழுதலாம். கொழும்புக்குப் பெயர்ந்தாலன்றி இத்தொழில் இல்லை என்பாருமுளர். நம் முன்னோரிற் சிலர் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமையைப் பாருங்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறைச் சிற்றூரில் சோஹோ நிறுவனம் உலகெங்கும் விற்கும் மென்பொருளை ஆக்கி வருகிறது.

மன்றத்தார் முதலிற் செய்யத்தக்கது, நம் உறுப்பினர் பதிவேடும் நூலகப் பதிவேடுமே. ஒரே கணினியில் இயங்கினாற் போதும். பெயருக்கு மூன்று பத்திகள் இருக்கட்டும்: அழைக்கும் பெயர், பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர், அடையாள அட்டையிலுள்ள பெயர். மூன்றும் ஒவ்வாத இடத்தைச் செயலி தானே சிவப்பிற் காட்டட்டும். ஒருவர் ஓய்வு பெறும் வயது வருமுன்பே அவ்வெழுத்தைத் திருத்த மனுச் செய்யலாம்.

இதற்குப் பெரியோரின் துணை வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். தகரப்பெட்டியின் அடியிலிருக்கும் அந்தப் பத்திரங்களை வெளியே எடுத்து, அவர்களுக்கு ஒருமுறை காட்டுங்கள்.