தெருவாட்டமும் அரங்கமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவிற்கு முன்னர், நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்து, "மாமா, மேடையில் பத்து நிமிடம் ஆட இடம் தருவீர்களா?" என்று கேட்டார். உப்பல் வீதிகளில் போனால் விழாவிலும் விநாயகர் ஊர்வலத்திலும் தீன்மார் முழக்கத்திற்கு அவர் ஆடுவதை நாம் அனைவரும் கண்டு களித்ததுண்டு. எனினும், நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த நாங்கள், "தெருவாட்டம் தெருவோடு இருக்கட்டும், இது பரதநாட்டியம் நடக்கும் மேடை" என்று கூறி அனுப்பிவிட்டோம். அது முறைதானா என்பதே இன்று எங்கள் பேச்சின் பொருள்.

பரதநாட்டியம் மேடையேறிய வரலாற்றை எண்ணிப் பாருங்கள். சதிர் என்று வழங்கிய அவ்வாட்டம் கோயிலிலும் அரசவையிலும் செல்வர் இல்லத் திருமணங்களிலும் நிகழ்ந்தது. பின்னர், அதனைக் காண்பதே இழிவு எனக் கற்றோர் பலர் ஒதுக்கினர். அந்நிலையில் ஈ. கிருஷ்ணய்யர் முதலியோர் முயற்சியால், 1931-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் இருவர் ஆடினர். 1935-இல் ருக்மிணிதேவி அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. கலை பிழைத்தது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த குலத்துப் பெண்களுள் பாலசரசுவதி போன்ற சிலரே அம்மேடையில் நிலைத்தனர். கலையை உள்ளே அழைத்துக் கலைஞரை வாயிலில் நிறுத்திய குறை அது.

மேல்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் ஏழை இளைஞர் வளர்த்தது பிரேக் ஆட்டம். பிலடெல்பியாத் தெருவில் ஆடி வளர்ந்த ரென்னி ஹாரிஸ் 1992-இல் ஒரு குழு அமைத்தார். 2000-இல் ரோமியோ ஜூலியட் கதையைத் தழுவி, தெருவாட்டத்தாலேயே ஒரு முழு நாடகத்தை அரங்கேற்றினார். 2024-இல் பிரேக் ஆட்டம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது.

நிற்க. மேடையேற்றுதல் எளிதன்று. தெருவில் கூட்டம் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். மேடைக்கோ முகம் ஒன்றே. ஊர்வலம் நகரும்வரை தெருவாட்டம் நீளும். மேடையில் தொடக்கமும் முடிவும் வேண்டும். ஆதலின் ஒத்திகை இன்றியமையாதது. பதிவு செய்த பாட்டை ஓடவிடுதலும் போதாது. தீன்மார் என்றால் மூன்றடி என்பது பொருள். ஆடுபவர் காலைப் பார்த்து முழக்குபவர் அடிப்பார்; அவ்வடியைக் கேட்டு இவர் ஆடுவார். இருவரையும் பிரித்தால் ஆட்டத்தின் உயிர் போய்விடும்.

ஆகவே, இவ்வாண்டு நாங்களே அவ்விளைஞரின் இல்லம் சென்று, எங்கள் பிழையை ஒப்புக்கொண்டு அழைத்தோம். அவர் உடனே இசையவில்லை. "மேளக்காரர்களையும் அழைப்பீர்களா?" என்றுதான் கேட்டார். அவர்கள் தெலுங்கர், நமக்கு வாழ இடம் தந்த மண்ணின் மக்கள். இன்றைய நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர்களும் அச்சாகியுள்ளன. அவர்களுக்குரிய ஊதியமும் ஒதுக்கப்பட்டுள்ளது.

இறுதி நிகழ்ச்சி அவர்களுடையது. இரவு உணவுக்கு முன்னரே எழுந்து செல்லாமல், அனைவரும் இருந்து கண்டு, நிறைகுறைகளை அவர்களிடமே கூறுமாறு வேண்டி அமைகின்றோம்.