சோழவரம் கண்ட வண்டிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். ஆலைச் சங்கொலி கேட்டுக் கண் விழித்து, ஆலைச் சங்கொலி கேட்டு உணவுண்டு வளர்ந்தவர்கள் நாம். இரும்பும் எண்ணெயும் நமக்கு அயலான பொருள்கள் அல்லவே!

அமெரிக்க நாட்டில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று ஒன்று உண்டு. ஸ்டாக் கார் எனின், எவரும் கடையில் விலை கொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் கார் என்பது பொருள். ஃபுளோரிடா மாநிலத்து டேடோனா கடற்கரையில், மணலிலேயே அத்தகைய கார்களைப் பந்தயம் விட்டனர். பில் ஃபிரான்ஸ் என்பார் முன்னின்று, 1948-இல் 'நாஸ்கார்' என்னும் அமைப்பு தோன்றியது. 1959-இல் அவ்வூரிலேயே பெரியதொரு பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அங்கு நிகழ்ந்த முதல் 500 மைல் பந்தயத்தில் இரண்டு கார்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் எல்லைக் கோட்டைக் கடந்தன. புகைப்படங்களை ஆராய்ந்து, மூன்று நாள் கழித்தே லீ பெட்டி என்பார் வென்றதாக அறிவித்தனர். அவருடைய மைந்தர் ரிச்சர்டு பெட்டி பிற்காலத்தில் 200 பந்தயங்களில் வாகை சூடினார். அந்நாட்டு முதியோர் அக்காலத்தை நினைந்து உருகுவது வேகத்திற்காக மட்டுமன்று; தம் வீட்டு வாசலில் நிற்பது போன்ற காரே திடலில் பறப்பதைக் கண்ட பெருமிதத்திற்காக.

அப்பெருமிதத்தை நமக்கு அளித்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமானத் தளம் அமைக்கப்பட்டது. போர் ஓய்ந்தது, விமானங்கள் அகன்றன, ஓடுபாதை எஞ்சியது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அந்த ஓடுபாதையைப் பந்தயக் களமாக்கினர்.

1970-களின் தொடக்கத்தில், எங்கள் காலனி இளைஞர் சிலர் பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் இரவு வண்டி ஏறிப் பந்தயம் காணச் சென்றோம். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம், தலையில் கைக்குட்டை. நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத வெட்டவெளி. பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய் இடுவது அந்நாளைய வழக்கம். அது எரியும்போது எழுந்த மணம் எங்கள் ஊர்க் கோவில் விளக்கை நினைவூட்டியது. விமானத் தளமாக இருந்த இடத்தில் திருவிழா மணம் வீசிற்று என்றால் மிகையாகாது.

ஓடிய வண்டிகள் யாவை? அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு! மருத்துவர் வீட்டு வாசலிலும் திருமண ஊர்வலத்திலும் நாம் கண்டு பழகிய அதே கார்கள். ஹெரால்டு சென்னையிலேயே செய்யப்பட்டது. அதன் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். இந்நாளைய பெரிய மோட்டார் சைக்கிள் சிலவற்றின் எஞ்சினைவிடச் சிறியது. அதன் பின் இருக்கையைக் கழற்றி, பம்பரை நீக்கி, சிலிண்டர் மூடியின் அடிப்புறத்தை நூலளவு இழைத்து அழுத்தத்தைக் கூட்டி, காற்று செல்லும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்கிக் களத்தில் இறக்குவர். வீட்டுப் பசு காங்கேயம் காளையாய்ப் பாய்ந்தாற்போல் இருக்கும்!

அமெரிக்கரின் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பெரிய கார்க் கம்பெனிகள் பொருளை வாரி இறைத்தன. இங்கோ இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வேண்டுமெனின் ஆண்டுக் கணக்கில் காத்திருத்தல் வேண்டும். வெளிநாட்டு உதிரிப் பாகம் குதிரைக் கொம்பு. எனவே வேண்டியதை நம்மவரே கடைசல் இயந்திரத்தில் கடைந்து கொண்டனர். சோழவரத்தின் வேகம் பணத்தில் பிறந்ததன்று, கைத்திறனில் பிறந்தது.

அத்தகைய கை ஒன்று நம் காலனியில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். பகலெல்லாம் ஆலைப் பணி. இரவில், நண்பர் ஒருவரின் பட்டறையில், பந்தய ஹெரால்டு ஒன்றுக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பார். கூலி பெற்றதில்லை. "நம்ம கை வேலை ஓடுதத ஒரு தடவை கண்ணால பாத்துரணும், தம்பி" என்பார்.

பார்த்தார். எங்களோடு கயிற்றோரம் நின்றார். எல்லோரும் வண்டியைப் பார்த்தோம். அவரோ கண்களை மூடிக்கொண்டு செவி சாய்த்தார். நான்காம் சுற்றில், "மூணாவது சிலிண்டர் போச்சு" என்றார். அடுத்த சுற்றில் வண்டி புகை கக்கி நின்றது. அவர் வருந்தவில்லை. திரும்பும்போது இரயிலில் மங்கிய விளக்கொளியில் சிறு குறிப்பேட்டைத் திறந்து ஏதோ அளவுகளை எழுதினார். மறுநாள் காலைப் பணிக்குத் தவறாமல் சென்றார்.

காலம் உருண்டது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்படவே, சோழவரத்தின் ஆரவாரம் அடங்கிற்று. மாருதி எஞ்சின் பூட்டிய காரில் முதல் பந்தயம் ஓட்டிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் களம் புகுந்தார். 2010-இல், அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் திடலில், அதே நாஸ்கார் அமைப்பின் பிக்கப் வண்டிப் பந்தயத்தில் ஓடி 13-ஆம் இடம் பெற்றார். சோழவரத்து ஓடுபாதையில் தொடங்கிய வழி டேடோனாக்காரர்களின் வாசல் வரை சென்றுவிட்டது!

அச்செய்தியை அண்ணாச்சியிடம் சொல்ல விழைந்தோம். அவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய குறிப்பேட்டைப் பற்றி வினவினோம். வீடு மாறும்போது பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அவர் உயிரோடு இருந்த நாளில், "அண்ணாச்சி, அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று ஒரு நாளேனும் கேட்டோமா? கேட்கவில்லை. குற்றம் நம்முடையது.

வென்றவர் பெயரைக் கோப்பை சொல்லும். ஓட்டியவர் பெயரை நாளிதழ் சொல்லும். கடைந்தவர் பெயரை யார் சொல்வது? நாமன்றோ சொல்லல் வேண்டும்!

ஆதலின் உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் ஆலையின் பழைய படமோ, எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேடோ இருப்பின், எடைக்குப் போடுமுன் சங்கத்தில் ஒருமுறை காட்டுங்கள். முதியோர் இருப்பின், இளைஞர்களே, இன்றிரவே அருகில் அமர்ந்து கேளுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவர்கள் பெயர் அச்சேறட்டும்.