சைலன்சர்: செய்துகொள்வதா, வாங்குவதா?

இந்த வாரம் அரங்கத்துக்கு வந்துள்ள கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் பலர் அதன் ஓசையைக் குறைக்க சைலன்சர் பொருத்துகிறார்கள். அதைக் கடையில் வாங்குவது நல்லதா, வீட்டுப் பட்டறையில் தானே செய்துகொள்வது நல்லதா? இதுதான் கேள்வி.

சைலன்சர் என்றதும் திரைப்படக் காட்சிதான் நினைவுக்கு வரும். கொலைகாரன் குழாயைத் திருகிப் பொருத்துவான். "புஸ்" என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருப்பவருக்கும் கேட்காது. உண்மை அப்படி இல்லை. தேசிய சேவையில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். காதடைப்பான் இல்லாமல் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாது என்பார்கள். ரைபிளின் வெடியோசை 160 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட ஒரே ஒரு வெடிகூட செவியை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. மிஞ்சுவது ஆம்புலன்ஸ் சங்கைவிட உரத்த ஓசைதான். தோட்டாவைத் தள்ளிவரும் சூடான வாயு, குழாய்க்குள் இருக்கும் அறைகளில் விரிந்து, குளிர்ந்து, மெதுவாக வெளியேறுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹிராம் பெர்சி மேக்சிம். 1909ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய மேக்சிமின் மகன் இவர். தந்தை வெடியோசையைப் பெருக்கினார். மகன் அதை அடக்க முயன்றார். அக்காலத்தில் அமெரிக்காவில் சைலன்சர் சாதாரணமாக விற்கப்பட்டது. 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. செய்தாலும் வாங்கினாலும் 200 டாலர் வரி, கட்டாயப் பதிவு. பொருளின் விலையைவிட வரி பல மடங்கு. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலருக்கும் மேல். விலைவாசி ஏறியபோதும் அந்த 200 மட்டும் ஏறவே இல்லை.

இனி இரு தரப்பையும் கேட்போம்.

செய்துகொள்பவர் தரப்பு என்ன சொல்கிறது? கடையில் ஒரு நல்ல சைலன்சர் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகிறது. கடைசல் இயந்திரம் வைத்திருப்பவருக்குக் கைவேலை ஒரு மகிழ்ச்சி. காத்திருப்பும் ஒரு காரணமாக இருந்தது. கடையில் வாங்க "நான்காம் படிவம்". தானே செய்ய "முதலாம் படிவம்". இரண்டுக்கும் கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை வாங்குபவர் பல மாதங்கள் காத்திருந்தார். செய்பவருக்கோ சில வாரங்களில் அனுமதி கிடைத்தது. பணம் கட்டிய பொருள் கடைக்காரரின் பெட்டகத்திலேயே கிடக்கும்போது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

வாங்குபவர் தரப்பு மூன்று பதில்கள் சொல்கிறது.

முதலாவது, பாதுகாப்பு. தோட்டா போகும் பாதை இம்மியளவு விலகினாலும் அது சைலன்சரின் உட்சுவரில் மோதும். குழாய் கிழிந்து உலோகத் துண்டு பறந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு யார் பொறுப்பு? நிறுவனம் சோதித்து விற்கிறது, பழுதானால் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் செய்தவர் தன்னையே நம்ப வேண்டியதுதான்.

இரண்டாவது, உதிரிப்பாகம். அமெரிக்கச் சட்டத்தில் சைலன்சருக்கென்றே செய்த ஒரு பாகமும் சைலன்சர்தான். ஆகவே வீட்டில் செய்தவர் "தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்று இரண்டு பாகத்தைக் கூடுதலாகக் கடைந்து மேசை அறையில் போட்டுவைத்தால், அவை பதிவில்லாத சைலன்சர்கள். தண்டனை பத்தாண்டுச் சிறைவரை போகலாம்.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது: எது முன், எது பின் என்ற வரிசை. செய்பவர் முதலில் அனுமதி பெற வேண்டும். பிறகுதான் உலோகத்தில் கைவைக்க வேண்டும். தன் பெயர், ஊர், மாநிலம், வரிசை எண் ஆகியவற்றை அதில் பொறிக்கவும் வேண்டும். ஒரே குழாய்தான், அனுமதிக்கு மறுநாள் செய்தால் சட்டப்படியான பொருள், முதல்நாள் செய்தால் கடுங்குற்றம்.

இந்த வரிசை புரியாமல் பலர் சிக்கினார்கள். இணையத்தில் "துப்பாக்கி துடைக்கும் கரைப்பானைப் பிடித்துக்கொள்ளும் குப்பி" என்ற பெயரில் பாகத் தொகுப்புகள் விற்கப்பட்டன. அவற்றை வாங்கி, ஒழுங்காக முதலாம் படிவம் அனுப்பியவர்களும் உண்டு. 2022இல் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு அத்தகைய விண்ணப்பங்களைப் பெருமளவில் நிராகரித்தது. உங்களிடம் இருப்பது ஏற்கெனவே சைலன்சர், அதை இனிமேல் "செய்ய" எப்படி அனுமதி தருவது என்பது அதன் வாதம். சட்டத்தை மதிக்க நினைத்து எழுதிய விண்ணப்பமே, பதிவில்லாத பொருள் கைவசம் உள்ளது என்ற வாக்குமூலம்போல் ஆகிவிட்டது.

கன்சாஸ் மாநிலத்தில் நடந்தது இன்னொரு பாடம். எங்கள் மாநிலத்தில் செய்து எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் துப்பாக்கிப் பொருளை மத்திய சட்டம் தொடாது என்று 2013இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. அதை நம்பி ஒரு கடைக்காரர் சைலன்சர் செய்து விற்றார். முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் வாங்கினார். 2016இல் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2019இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. சிறைக்குப் போகவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்போடு முடிந்தது. ஆனால் மாநிலம் கொடுத்த வாக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024முதல் வாங்குபவருக்கும் பல வேளைகளில் சில நாட்களிலேயே அனுமதி வரத் தொடங்கியது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த 200 டாலர் வரி இரு வழிக்குமே பூஜ்யம். ஆனால் பதிவு நீங்கவில்லை, கைரேகை நீங்கவில்லை, பத்தாண்டுத் தண்டனையும் நீங்கவில்லை. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. 50 மாநிலங்களில் 42 மட்டுமே பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்க அனுமதிக்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற எட்டு மாநிலங்களில் செய்வதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

அப்படியானால் தீர்ப்பு என்ன? விரைவு என்ற காரணம் பெரும்பாலும் போய்விட்டது. வரி இரு பக்கமும் ஒன்றாகிவிட்டது. மிஞ்சுவது இரண்டு: கைவேலையின் மகிழ்ச்சி ஒரு தட்டில், முழுப் பொறுப்பு மறு தட்டில். தேர்ந்த உலோகத் தொழிலாளி, அனுமதி கைக்கு வரும்வரை ஒரு துண்டையும் தொடாதவர், மிச்சப் பாகம் வைத்துக்கொள்ளாதவர் செய்துகொள்ளலாம். சட்டம் அவருக்கு வழி விட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு வாங்குவதே மேல். சில நூறு டாலரை மிச்சப்படுத்தப் போய்ப் பத்தாண்டைப் பணயம் வைப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமல்ல.

காதைக் காப்பாற்ற வந்த கருவி இது. அதை அடைகிற வழியில் மனிதன் தன் கண்ணையோ விடுதலையையோ இழந்துவிடக் கூடாது.